இக்னாருஸ்: எதை அறியாதவன்?

லத்தீன் மொழியில் அறியாமையைக் குறிக்கப் பல பெயரடைகள் உண்டு. அவற்றுள் நான் தனியாக அன்பு வைத்துப் பின்தொடர்ந்து வருவது ‘இக்னாருஸ்’ என்ற சொல்லை. ஆண்பாலுக்கு இக்னாருஸ், பெண்பாலுக்கு இக்னாரா என்று அதன் ஈறு மாறும். ஆங்கிலத்தின் வழியாகவே லத்தீனுக்குள் நுழையும் நம்மில் பெரும்பாலோர் இந்தச் சொல்லைக் கண்டதும், அதே குடும்பத்தில் பிறந்த ‘இக்னரண்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லை அதன்மேல் ஏற்றிப் படித்துவிடுகிறோம். இன்றைய ஆங்கிலப் பேச்சில் இக்னரண்ட் என்பது ஏறக்குறைய வசைச்சொல். படிப்பில்லாதவன், பண்பில்லாதவன், தெரிந்துகொள்ள முயலாதவன் என்ற குற்றச்சாட்டு அதற்குள் இருக்கிறது. லத்தீனின் இக்னாருஸில் அந்தக் குற்றச்சாட்டு இல்லை. ஒருவனுடைய அறிவின் மொத்த அளவைப் பற்றி அது பேசுவதே அரிது. ஒரு குறிப்பிட்ட செய்தியோ, ஒரு குறிப்பிட்ட அனுபவமோ, இன்னும் வராத ஒரு நிகழ்ச்சியோ அவனுக்கு எட்டவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது. இந்த வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் ‘ஈனியட்’ காவியத்தைப் படிக்கையில் இதைத் தவறவிட்டால் சில வரிகளின் உயிரே போய்விடுகிறது என்பது என் உறுதியான எண்ணம். அதனால்தான் இதைச் சற்று விரிவாக எழுதத் துணிகிறேன்.

முதலில் இலக்கணம். இக்னாருஸ் தனித்து நிற்பதும் உண்டு. ஆனால் பெரும்பாலும் ஆறாம் வேற்றுமையில் நிற்கும் ஒரு பெயரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளும். ‘வியாய் இக்னாருஸ்’ என்றால் வழி அறியாதவன். ‘மாலி இக்னாருஸ்’ என்றால் துன்பம் அறியாதவன். ‘ரேரும் இக்னாருஸ்’ என்றால் நடப்பவற்றை அறியாதவன். எதை அறியாதவன் என்ற கேள்விக்கான இடம் சொல்லுக்குள்ளேயே திறந்திருக்கிறது. ஆறாம் வேற்றுமைப் பெயர் வராத இடங்களில்கூட, சூழலிலிருந்து அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும்படி வாசகனை அது கேட்கிறது. வெர்ஜில் உழவைப் பற்றிப் பாடிய ‘ஜியார்ஜிக்ஸ்’ நூலின் தொடக்கத்தில் சீசரை, அதாவது பின்னாளில் அகஸ்டஸ் எனப்பட்டவரை, விளித்து, வழி அறியாத உழவர்கள்மேல் என்னோடு சேர்ந்து இரக்கம் கொள்வாயாக என்று வேண்டுகிறார். அங்கே உழவர்கள் ‘இக்னாரோஸ் வியாய்’ எனப்படுகிறார்கள். கவிஞர் அவர்களை மூடர்கள் என்று சொல்லவில்லை; காட்டப்படவேண்டிய ஒரு வழி அவர்களுக்கு இன்னும் காட்டப்படவில்லை என்கிறார். இரக்கம் என்ற வினைச்சொல் அந்தப் பெயரடையை ஒட்டியே வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் வெர்ஜில் ஏளனத்தை வைப்பது அரிது. இரக்கத்தை வைப்பது அடிக்கடி நேர்கிறது.

சொல்லின் பிறப்பும் சுவையானது. ‘க்னாருஸ்’ என்றால் அறிந்தவன். அதன் முன்னே ‘இன்’ என்ற எதிர்மறை முன்னொட்டு சேர்ந்து இக்னாருஸ் ஆனது. கி.மு. 46இல் எழுதிய ‘ஓரடோர்’ என்ற நூலில் ரோமானியப் பேச்சாளர் சிசரோ இதைப் பற்றி ஒரு குறிப்புத் தருகிறார். ‘நோட்டி’, ‘நாவி’, ‘நாரி’ ஆகிய சொற்களுக்கு முன் எதிர்மறை ஒட்டைச் சேர்த்தபோது, இலக்கண நேர்மையைவிடச் செவிக்கு இனிமையே பெரிது என்று கருதி ‘இக்னோட்டி’, ‘இக்னாவி’, ‘இக்னாரி’ என்று சொன்னார்கள் என்பது அவர் விளக்கம். இன்றைய மொழியியல் இதை மறுபக்கமாகப் பார்க்கிறது. சிசரோ இனிமைக்காகச் சேர்ந்தது என்று கருதிய அந்தக் ககர ஒலிதான் பழைய வேரின் எச்சம். தனிச்சொல்லின் தொடக்கத்தில் தேய்ந்து மறைந்த ஒலி, முன்னொட்டின் பாதுகாப்பில் உயிர் பிழைத்திருக்கிறது. அந்த வேர் இந்தோ ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவானது. வடமொழியில் அதுவே ‘ஞா’ என்று வழங்குகிறது. அங்கிருந்து தமிழுக்கு வந்த ஞானம், அஞ்ஞானம், அஞ்ஞானி ஆகிய சொற்கள் இக்னாருஸுக்கு வேர்வழி உறவுடையவை. அஞ்ஞானியின் முன்னே நிற்கும் அகரமும், இக்னாருஸின் முன்னே நிற்கும் ‘இன்’னும்கூட ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவையே. பாண்டவர்களின் அஞ்ஞாதவாசத்தில் வரும் ‘அஞ்ஞாத’ என்பது, ‘அறியப்படாத’ என்று பொருள்படும் ‘இக்னோட்டுஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கு ஒலியிலும் பொருளிலும் நேர் இணை.

இன்னொரு உறவையும் சொல்லிவிட வேண்டும். ‘நார்ரோ’ என்ற லத்தீன் வினைக்குக் கதை சொல்லுதல், எடுத்துரைத்தல் என்று பொருள். மற்றவனை அறிந்தவனாக ஆக்குவதுதான் அந்த வினை என்று, லத்தீன் மொழியைப் பற்றி ரோமானிய அறிஞர் வாரோ எழுதிய நூல் சொல்கிறது. அப்படியானால் கதை சொல்பவனின் தொழிலே இக்னாருஸாக வந்தவனை க்னாருஸாக அனுப்பிவைப்பது. வெர்ஜில் தம் பாத்திரங்களை மீண்டும் மீண்டும் இக்னாருஸ் என்று அழைக்கும்போது, பாத்திரம் அறியாததை வாசகன் அறிந்திருக்கிறான் என்ற வேறுபாட்டின் மீதுதான் அந்த வரி நிற்கிறது.

இக்னாருஸுக்கு நெருக்கமான சொற்கள் இரண்டு: ‘இன்ஸ்கியுஸ்’, ‘நெஸ்கியுஸ்’. இரண்டும் ‘ஸ்கியோ’, அதாவது ‘எனக்குத் தெரியும்’, என்ற வினையிலிருந்து எதிர்மறையாகப் பிறந்தவை. மூன்றுக்கும் இடையே சுவர் எழுப்பிவிட முடியாது. செய்யுளின் அசைக் கணக்குக்கு ஏற்பவும் கவிஞர்கள் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைப்பதுண்டு. ஆயினும் பொதுப்போக்கு என்று ஒன்று தெரிகிறது. இக்னாருஸ் பழக்கத்தையும் பட்டறிவையும் தொட்டு நிற்கிறது. இன்ஸ்கியுஸ் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட கணத்தில் நடப்பதை உணராமலிருக்கும் நிலையைச் சொல்கிறது. நெஸ்கியுஸுக்கோ மற்ற இரண்டுக்கும் எளிதில் வாய்க்காத ஒரு தனித்திறம் உண்டு. அது வினையெச்சம் போன்ற ஒரு வடிவத்தோடு சேர்ந்து, ஒருவருடைய இயல்பிலேயே இல்லாத செயலைச் சொல்லும். லத்தீன் கவிஞர் ஹொரேஸ், கிரேக்க வீரன் அக்கிலீஸைப் பற்றிப் பாடும்போது ‘விட்டுக்கொடுக்க நெஸ்கியுஸ்’ என்கிறார். வெர்ஜில் உழவர்களின் வாழ்க்கையை ‘ஏமாற்ற நெஸ்கியா’ என்கிறார். மனிதர்களின் வேண்டுதலுக்கு இளக அறியாத பாதாள தெய்வங்களின் நெஞ்சங்களுக்கும் அதே பெயரடைதான். ஆங்கிலத்தில் இவற்றைப் பெயர்ப்பவர்கள் மிகவும் தடுமாறுகிறார்கள். தமிழில் எந்தத் தடுமாற்றமும் இல்லை, ஏனென்றால் நாம் அன்றாடம் இப்படித்தான் பேசுகிறோம். ‘அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது’ என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால், பொய் சொல்லும் கலையை அவர் யாரிடமும் பயிலவில்லை என்று எவரும் பொருள்கொள்வதில்லை. ‘கோபப்படவே தெரியாத மனுஷி’ என்பதும் அப்படியே. விட்டுக்கொடுக்கத் தெரியாத அக்கிலீஸ், ஏமாற்றத் தெரியாத வாழ்க்கை, இளகத் தெரியாத நெஞ்சு என்று சொல்லுக்குச் சொல் வைத்தாலே தமிழ் இயல்பாக அமர்ந்துவிடுகிறது.

இந்த நெஸ்கியுஸ்தான் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் போய் ‘நைஸ்’ ஆயிற்று. தொடக்கத்தில் அதற்கு அறிவற்ற, அசட்டுத்தனமான என்பதே பொருள்; பிறகு நுணுக்கம் பார்க்கிற, மென்மையான, இனிய என்று படிப்படியாக மாறியது. நம் பேச்சுத் தமிழில் மாவை நைஸாக அரைக்கிறோம், கூட்டத்திலிருந்து ஒருவர் நைஸாக நழுவுகிறார். இக்னாருஸின் குடும்பத்தைச் சேர்ந்த ‘இக்னோர்’ என்பதும் இன்று தமிழர் வாயில் புழங்கும் சொல்லே. ஆனால் ‘இக்னோர் பண்ணிட்டான்’ என்று சொல்லும்போது, தெரிந்தும் தெரியாததுபோல் இருந்துவிட்டான் என்றுதான் பொருள்கொள்கிறோம். அதன் தாய்வினையான லத்தீன் ‘இக்னோரோ’வின் அடிப்படைப் பொருளோ தெரியாமலிருப்பது மட்டுமே. பாசாங்கு பிற்காலத்தில் வந்து சேர்ந்தது.

இனி டைடோவிடம் வருகிறேன். கார்த்தேஜ் நகரத்தை நிறுவிய அந்த அரசியின் கதை ஈனியட்டின் முதற்காண்டத்தில் தொடங்கி நான்காம் காண்டத்தில் முடிகிறது. அந்தக் கதையை இந்த மூன்று பெயரடைகளை மட்டும் பிடித்துக்கொண்டு தொடக்கம் முதல் இறுதி வரை நடந்துவிடலாம். காவியத்தின் ஓட்டத்தில் டைடோ என்ற பெயர் முதன்முதலில் ஒலிக்கும்போதே அதன் முன்னால் ‘நெஸ்கியா’ நிற்கிறது. புயலில் சிதறி ஆப்பிரிக்கக் கரையில் ஒதுங்கிய டிராய் மக்களுக்குக் கார்த்தேஜின் கதவுகள் திறந்திருக்க வேண்டும் என்று தெய்வங்களின் அரசரான ஜூபிடர் தம் தூதன் மெர்க்குரியைக் கீழே அனுப்புகிறார். ‘ஃபாட்டி நெஸ்கியா டைடோ’, விதியை அறியாத டைடோ, அவர்களைத் தன் எல்லையிலிருந்து விரட்டிவிடக் கூடாது என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. விதியை அறியாததால் அவள் தவறாக நடந்துகொள்ளக்கூடும் என்றால், அதை அவளுக்கு அறிவித்துவிடுவதுதானே நேரான வழி? தெய்வங்கள் அதைச் செய்யவில்லை. மெர்க்குரி வந்து கார்த்தேஜ் மக்களின் கடுமையான நெஞ்சங்களை இளக வைக்கிறான்; அரசியின் மனத்தில் அமைதியும் நல்லெண்ணமும் குடியேறுகின்றன. விதியைப் பற்றி ஒரு சொல்லும் அவளுக்குச் சொல்லப்படவில்லை. அறியாமை அப்படியே இருக்க, கனிவு மட்டும் ஊட்டப்படுகிறது. டைடோவுக்கு இழைக்கப்பட்ட முதல் அநீதி இது என்றே நான் படிக்கிறேன்.

அடுத்து அவளே தன்னைப் பற்றிப் பேசும் வரி வருகிறது. லத்தீன் கவிதையின் மிகப் புகழ்பெற்ற வரிகளுள் ஒன்று அது: ‘நோன் இக்னாரா மாலி மிசெரீஸ் சுக்குர்ரேரே டிஸ்கோ’. துன்பம் அறியாதவள் அல்லேன் நான். துயருற்றோருக்குத் துணைநிற்கக் கற்று வருகிறேன். தன் உடன்பிறந்தவனாலேயே கணவனை இழந்து, டயர் நகரத்தை விட்டுக் கப்பலேறித் தப்பி வந்தவள் அவள். எதிரே நிற்கும் காவியநாயகன், டிராய் மக்களின் தலைவன் ஈனியாஸும் ஊரை நெருப்பில் இழந்து வந்தவன். இந்த வரியில் இரண்டு எதிர்மறைகள் இருக்கின்றன: ‘அறியாதவள்’ என்பதற்குள் ஒன்று, ‘அல்லேன்’ என்பதில் ஒன்று. ‘துன்பத்தை நான் அறிவேன்’ என்று நேராகச் சொல்லாமல் இப்படிச் சொல்வதற்குத் தமிழிலும் இடமுண்டு. பெரியவர்களுக்கு எழுதும் கடிதத்தில் ‘தாங்கள் அறியாததல்ல’ என்று எழுதும் மரபில் இருக்கும் அடக்கம்தான் டைடோவின் குரலிலும் ஒலிக்கிறது. தன் துயரத்தைப் பறைசாற்றிக்கொள்ளாமல், அது தனக்குப் புதிதல்ல என்று மட்டும் சொல்கிறாள். ‘டிஸ்கோ’ என்ற நிகழ்கால வினையும் முக்கியம். கற்று முடித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை; இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்கிறாள்.

இதே காண்டத்தில் சற்று முன்னால் ஈனியாஸும் இதே சொல்லை இதே வடிவில் பயன்படுத்தியிருக்கிறான் என்பதைப் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். கரையொதுங்கிய தோழர்களைத் தேற்றும்போது, ‘நாம் இதற்கு முன்பும் துன்பங்களை அறியாதவர்கள் அல்லோம்’ என்கிறான். ‘இக்னாரி’ என்ற பன்மை, ‘மாலோரும்’ என்ற துன்பங்களின் பன்மை, முன்னே ஒரு மறுப்பு. காதல் தொடங்குவதற்கு முன்பே ஒரே சொல்லால் தங்களை விவரிக்கும் இருவர் என்று வெர்ஜில் காட்டிவிடுகிறார். பின்னால் வரும் காதலுக்கு இதைவிட நம்பத்தகுந்த காரணம் தேவையில்லை. தெய்வங்களின் சூழ்ச்சி இல்லாமலே இவர்கள் நெருங்கியிருப்பார்கள் என்று நான் நினைப்பதற்கு இந்த இரண்டு வரிகளே ஆதாரம்.

ஆனால் சூழ்ச்சி நடக்கிறது. அன்றிரவு விருந்தில் ஈனியாஸின் மகனுடைய உருவத்தில் காதல் தெய்வமான க்யூபிட் வந்து அமர்கிறான். உண்மையான மகன், ஈனியாஸின் தாயும் தெய்வமுமான வீனஸின் ஏற்பாட்டில் வேறெங்கோ உறங்கிக்கொண்டிருக்கிறான். டைடோ அந்தப் பிள்ளையிடமிருந்து கண்ணையும் நெஞ்சையும் எடுக்க முடியாமல் அவனை மடியில் வைத்துக் கொஞ்சுகிறாள், ‘இன்ஸ்கியா டைடோ’, எவ்வளவு பெரிய தெய்வம் தன்மேல் அமர்ந்திருக்கிறது என்பதை உணராமல். இங்கே இக்னாரா பொருந்தாது. துன்பத்தைப் பழகி அறிந்தவளுக்குக்கூட, மடியில் இருக்கும் குழந்தை யார் என்பது இந்தக் கணத்தில் தெரியவில்லை. பட்டறிவு பெற்றவர்களையும் வஞ்சிக்க முடியும் என்பதை, ஒரு பெயரடையை மாற்றுவதாலேயே கவிஞர் சொல்லிவிடுகிறார்.

நான்காம் காண்டத்தில் காதல் முற்றிய பிறகு, அவள் கோயில் கோயிலாகப் பலியிட்டு, அறுத்த விலங்குகளின் துடிக்கும் குடல்களில் நிமித்தம் பார்க்கிறாள். அங்கே கவிஞர் தாமே குரல் கொடுக்கிறார்: ‘ஹேயு, வாட்டும் இக்னாராய் மென்ட்டேஸ்’. அந்தோ, நிமித்திகர்களின் அறியாத உள்ளங்களே! இதில் ‘வாட்டும்’ என்பது நிமித்திகர்களின் ஆறாம் வேற்றுமைப் பன்மை. அதை ‘உள்ளங்க’ளோடு சேர்த்தால், நிமித்திகர்களுக்கே ஒன்றும் தெரியவில்லை என்றாகிறது, ‘இக்னாராய்’ என்பதோடு சேர்த்தால், நிமித்திகர்கள் சொல்வதை அறியாத உள்ளங்கள் என்று பொருள் திரும்பி டைடோவின் பக்கம் வந்துவிடுகிறது. உரையாசிரியர்கள் இதில் இரு கட்சியாகவே இருந்து வந்திருக்கிறார்கள். எனக்கு முதல் வாசிப்பே சரியெனப் படுகிறது. அதைத் தொடர்ந்து உடனே, காதல் வெறி கொண்டவளுக்கு வேண்டுதல்களாலும் கோயில்களாலும் என்ன பயன் என்று கேட்கிறார். பிழை அவளுடைய கவனக்குறைவில் இல்லை, அந்த முழு ஏற்பாட்டின் கையாலாகாத்தனத்தில் இருக்கிறது என்பதுதான் அங்கே வாதம்.

அதன்பின் உடனே வரும் உவமையில் டைடோ அம்பு தைத்த மான். கிரீட் தீவின் காட்டில் ஒரு மேய்ப்பன் தொலைவிலிருந்து எய்த அம்பை, அது தைத்துவிட்டது என்பதை அறியாமலே, அங்கேயே விட்டுச் செல்கிறான். ‘நெஸ்கியுஸ்’ என்ற சொல் வாக்கியத்தின் கடைசியில், ஆனால் அடுத்த வரியின் தொடக்கத்தில் வந்து விழுகிறது. வாக்கியம் முடிந்துவிட்டது என்று நினைத்து அடுத்த வரிக்குத் தாண்டும் கண், முதலில் அந்தச் சொல்லின்மேல்தான் மோதிக்கொள்கிறது. இதுவரை அவள் மட்டுமே அறியாதவளாக இருந்தாள். இப்போது எய்தவனும் அறியாதவன். ஈனியாஸைக் கொடியவனாகவும் காட்டாமல், குற்றமற்றவனாகவும் விட்டுவிடாமல், நடுவே ஓரிடத்தில் நிறுத்தி வைப்பதற்கு வெர்ஜிலுக்கு இந்த ஒரு சொல் போதுமானதாக இருந்திருக்கிறது.

இறுதியில் ஈனியாஸ் புறப்படுவது உறுதியான பிறகு, காதலிலிருந்து விடுபட மந்திரச் சடங்கு செய்யப்போவதாகச் சொல்லித் தங்கை அன்னாவைக் கொண்டே டைடோ விறகு அடுக்கச் செய்கிறாள். அதன் உச்சியில் படுக்கை; படுக்கையின் மேல் அவன் விட்டுச்சென்ற ஆடைகள், அவனுடைய வாள், அவனுடைய உருவப் பாவை. இவற்றை அவள் ஒவ்வொன்றாக வைக்கும்போது கவிஞர் சேர்க்கும் அடை ‘ஹவுட் இக்னாரா ஃபுட்டூரி’: வரப்போவதை அறியாதவள் அல்லள். முதற்காண்டத்தில் அவள் தன் வாயால் சொன்ன அதே இரட்டை மறுப்பு, இப்போது கவிஞரின் வாயில். அப்போது துன்பம், கடந்த காலம், இப்போது வரப்போவது. விதியை அறியாதவளாக அறிமுகமானவள், தன் கதையில் முதன்முறையாக எதிர்காலத்தை முழுமையாக அறிந்தவளாக நிற்கிறாள். ஏனென்றால் அந்த எதிர்காலத்தை அவளே தீர்மானித்துவிட்டாள். பக்கத்திலேயே நிற்கும் அன்னாவுக்கோ, இந்தச் சடங்குக்குப் பின்னால் ஒரு சாவு ஒளிந்திருக்கிறது என்ற ஐயம்கூட எழவில்லை. சில மொழிபெயர்ப்புகளில் இந்த இடம் ‘நன்றாகத் தெரிந்தே’ என்று நேராக வந்துவிடுகிறது. பொருள் பிழையில்லை என்றாலும் இழப்பு பெரிது. முதற்காண்டத்தின் ‘அறியாதவள் அல்லேன்’ என்பதற்கு இது மறுமொழி என்று வாசகருக்குத் தெரிய வேண்டுமானால், ‘அல்லள்’ என்ற மறுப்பு அப்படியே நின்றாக வேண்டும்.

டைடோவின் கதை பெரிது. இந்தச் சொல்லின் அருமை சிறு பாத்திரங்களிடமும் தெரிகிறது. ஒன்பதாம் காண்டத்தில் டிராய் வீரர்களான நைசஸும் யூரியலஸும் இரவோடு இரவாகப் பகைவர் பாளையத்தைக் கடந்து செய்தி கொண்டு செல்ல முன்வருகிறார்கள். யூரியலஸின் தாய் வயதானவள். மற்றத் தாய்மார்கள் சிசிலியிலேயே தங்கிவிட, இவள் ஒருத்தி மட்டும் மகனைப் பின்தொடர்ந்து இத்தாலி வரை வந்தவள். அவளை, இந்த ஆபத்தை அறியாதவளாக, விடைகூடப் பெறாமல் விட்டுச் செல்கிறேன் என்று யூரியலஸ் சொல்கிறான். தாயின் கண்ணீரைத் தாங்க முடியாது என்பதுதான் காரணம். ‘இக்னாரம்’ என்ற சொல் இங்கே அவள்மேல் அவனே வேண்டுமென்று போர்த்திய ஒன்று. ‘விடைபெறப்படாதவளாக’ என்ற பொருளுடைய ‘இன்சலுட்டாட்டம்’ என்ற சொல்லை வெர்ஜில் நடுவே பிளந்து, ‘இன்’னுக்கும் மீதிக்கும் இடையில் ‘உம்’ போன்ற இடைச்சொல் ஒன்றைச் செருகுகிறார். சொல்லவேண்டியதைச் சொல்ல முடியாமல் குரல் உடைவதுபோல் அது எனக்குக் கேட்கிறது. மகன் இறந்த செய்தி பரவும்போது அவள் தறியில் இருக்கிறாள். கையிலிருந்து நெசவு ஓடம் நழுவுகிறது, நூற்ற நூல் அவிழ்ந்து உருள்கிறது.

எட்டாம் காண்டத்தின் முடிவில் வரும் பயன்பாடு இன்னும் விரிந்தது. கொல்லர் தெய்வமான வல்கன் ஈனியாஸுக்காக வடித்த கேடயத்தில் ரோமின் வருங்காலம் முழுதும் செதுக்கப்பட்டிருக்கிறது, கி.மு. 31இல் நடந்த ஆக்டியம் கடற்போர் அதன் நடுவில் இருக்கிறது. ஈனியாஸ் அதைக் கண்டு வியக்கிறான், ‘ரேருமுக்வே இக்னாருஸ் இமாகினே காவுடெட்’: நிகழ்ச்சிகளை அறியாதவனாய், அவற்றின் உருவில் மகிழ்கிறான். பிறகு தன் வழித்தோன்றல்களின் புகழையும் விதியையும் தோளில் தூக்கிக்கொள்கிறான். ‘ரேரும்’ என்பது இக்னாருஸோடும் சேரும், உருவத்தோடும் சேரும்: நிகழ்ச்சிகளை அறியாதவன், நிகழ்ச்சிகளின் உருவம். இந்த இடத்தில் அறியாமை ஒரு குறையாகவே தோன்றவில்லை. அவனுக்கு விளங்காத ஒன்றை அவன் சுமக்கிறான் என்பதுதான் அவனுடைய பெருமை.

கடைசியாக, இந்தச் சொல்லின் இருமுகம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அவுலுஸ் கெல்லியுஸ் தம் ‘அட்டிக் இரவுகள்’ நூலின் ஒன்பதாம் பகுதியில், இருபுறமும் பொருள் திரும்பக்கூடிய பெயரடைகளைத் திரட்டித் தருகிறார். இக்னாருஸ் என்பது அறியாதவனை மட்டுமல்ல, அறியப்படாதவனையும் குறிக்கும் என்பது அவர் சொல்வது. நெஸ்கியுஸுக்கும் அதையே சொல்கிறார். க்னாருஸுக்கும் இது பொருந்துகிறது. அகஸ்டஸ் கமுக்கமாகச் சென்றுவந்த ஒரு பயணம் வெளியே கசிந்ததைப் பற்றி எழுதும் வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், அது சீசருக்கு, அதாவது அகஸ்டஸுக்கு, தெரியவந்தது என்பதை ‘க்னாரும் இட் சீசரி’ என்று மூன்றே சொற்களில் முடிக்கிறார்; அங்கே க்னாரும் என்றால் அறிந்தது அல்ல, அறியப்பட்டது. இக்னாருஸுக்குக் கெல்லியுஸ் காட்டும் சான்று ஈனியட்டின் பத்தாம் காண்டத்தில் மிமாஸ் இறக்கும் இடம். டிராயின் இளவரசன் பாரிஸ் பிறந்த அதே இரவில் பிறந்து, அவனோடு தோழனாக வளர்ந்தவன் மிமாஸ். பாரிஸ் தன் தந்தையின் நகரத்தில் மண்ணுக்குள் கிடக்கிறான். மிமாஸையோ, ‘இக்னாரும்’ என்ற அடையோடு, இத்தாலியின் லாரென்டம் கரை வைத்திருக்கிறது.

கெல்லியுஸ் இதை ‘அறியப்படாத மிமாஸ்’ என்றே கொள்கிறார். அந்தக் கரை தனக்கு எந்த இடம் என்று அறியாத மிமாஸ் என்றும் கொள்ள இடமிருக்கிறது. ஆங்கிலத்தில் பெயர்ப்பவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். தமிழில் அந்தக் கட்டாயம் இல்லை. நம்முடைய எதிர்மறைப் பெயரெச்சம் செய்பவனுக்கும் செய்யப்படுபொருளுக்கும் ஒரே வடிவில் நிற்கும். ‘நீச்சல் தெரியாத ஆள்’ என்பதில் தெரியாமை அந்த ஆளுடையது. ‘முன்பின் தெரியாத ஆள்’ என்பதில் அது நம்முடையது. ‘ஒன்றும் அறியாத பிள்ளை’, ‘அறியாத ஊர்’ என்ற இரண்டிலும் ‘அறியாத’ என்ற சொல்லில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆகவே ‘அந்தக் கரை அறியாத மிமாஸ்’ என்று எழுதினால், கரையை அவன் அறியாததும், அவனைக் கரை அறியாததும் ஒரே தொடரில் நின்றுவிடுகின்றன. ‘அறியப்படாத’ என்று செயப்பாட்டுவினையில் திருத்த விரும்பும் பதிப்பாளர்கள் இருக்கக்கூடும். இலக்கணத் தெளிவை முன்வைத்து அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. ஆயினும் இந்த வரிக்கு மட்டும் நான் ‘அறியாத’ என்பதையே வைத்துக்கொள்வேன்.